தோட்டத் தொழிற்சங்கப் பாட்டுகள்: 63 கேசட், 5 ஸ்பூல். பூசணம் பிடித்ததை எப்படிப் பிரதி எடுப்பது?

பந்தலூர் வாசிப்பகம் (கேள்வி)

வணக்கம். பந்தலூர் பக்கம் ஒரு தோட்டத் தொழிற்சங்கக் கிளையின் அலமாரியில் கிடந்த ஒலிப்பதிவுகள் எங்கள் வாசிப்பகத்துக்கு வந்திருக்கின்றன. 63 கேசட், 5 ஸ்பூல் நாடா. உறைகளில் பென்சிலால் "மே தினம்", "கேட் மீட்டிங்", "கும்மி", "ஊர்வலம்", "இரங்கல்" என்ற அளவுக்குத்தான் குறிப்பு. சிலவற்றில் ஆண்டு உண்டு. ஒரு கேசட்டில் 1958 என்று இருக்கிறது. பாதிக்கு மேல், கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிந்தவை.

நல்ல நிலையில் தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். கூட்டம் தொடங்குமுன் பெண்கள் கும்மி பாடுகிறார்கள், தப்பு மேளம் கேட்கிறது, நடுவே முழக்கம் போடுகிறார்கள். குரல் கீச்சென்று இருக்கிறது, போகப் போக இன்னும் கீச்சாகிறது. மொத்தமும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தம், பாதிச் சொல் பிடிபடவில்லை. இருபது கேசட்டாவது இருக்கும், ஜன்னல் வழியே பார்த்தால் நாடாவின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள்.

கையில் இருப்பவை: பழைய டூ-இன்-ஒன், லேப்டாப், யுஎஸ்பியில் செருகும் சின்ன கேசட் பிளேயர். இவை போதுமா? எந்த வரிசையில் வேலை செய்வது? சொற்களைத் தெளிவாக்க மென்பொருள் எது நல்லது? பிரதி எடுத்தபின் இணையத்தில் போடலாமா?

---

ஒலிநாடா, குன்னூர்

முதலில் எதையும் போட்டுக் கேட்காதீர்கள். கேட்டது போதும். 63 கேசட்டுக்கும் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்து எடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் பிறகு அழியாது. ஏற்கெனவே உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் அதையும் பிய்த்துவிடுங்கள். கடைக் கேசட்டில் மேலே பதிய அப்படித்தான் ஒட்டியிருப்பார்கள்.

அடுத்து பூசணம் பிடித்ததைப் பிரிக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிகிற எதையும் டெக்கில் போடக்கூடாது. விதைத்தூள் ஹெட்டிலும் (நாடாவைப் படிக்கும் முனை) பிஞ்ச் ரோலரிலும் (நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை) ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும். ஓட்டும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நாடாவின் பழுப்புப் பூச்சே உரிந்து வந்துவிடும், அதற்குப் பிறகு மீட்க எதுவும் இருக்காது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கை தொடும்போது என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கட்டாயம்.

உலர்த்துவதற்கு அவசரம் கூடாது. கணப்படுப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம், வெயிலில் வைப்பது எல்லாம் நாடாவை நெளித்துவிடும். 20 லிட்டர் காற்றுப்புகா டப்பாவில் 250 கிராம் சிலிகா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு, கேசட்டுகளை உறையைத் திறந்து நிறுத்தி வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு வந்து அங்கேயே நிற்க இரண்டு வாரம் பிடிக்கும். 65-க்கு மேல் போனால் பூசணம் மறுபடி வளரும். நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேலையைத் தொடவே வேண்டாம், டப்பாவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் மழைக்காற்று உள்ளே போகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் தோது.

காய்ந்தபின் பூசணம் பொடியாகிவிடும். அப்போது கூட்டைத் திறக்க வேண்டும். ஐந்து ஸ்குரு இருக்கிற கூடு என்றால் எளிது: ஏ பக்கம் மேலே இருக்க மேசையில் படுக்கவைத்து, ஸ்குருவைக் கழற்றி, மேல் மூடியை மட்டும் நேராகத் தூக்குங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று தொடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக் கேசட்டுகள் பலவற்றில் ஸ்குரு இருக்காது, உருக்கி ஒட்டியிருக்கும். அதற்கு நாடா வெளியே தெரிகிற விளிம்புக்கு எதிர்ப்பக்கம், இணைப்புக் கோட்டில் மெல்லிய பிளேடை நுழைத்து விரிசல் விட வேண்டும். இரண்டு சக்கரத்தையும் நாடாவோடு தூக்கி, புதிய ஸ்குரு வைத்த சி-60 வெற்றுக் கேசட்டின் கூட்டுக்கு மாற்றுங்கள். ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் விளிம்பை மெதுவாக உறிஞ்சி, பிறகு கையால் சுற்றிக்கொண்டே நூல் உதிராத துணியால் இருபக்கமும் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

மந்தமான ஒலிக்கு முதல் சந்தேகம் பிரஷர் பேட் மேல்தான். நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு செம்புத் தகட்டிலிருந்து கழன்று விழுந்திருக்கும், ஸ்பாஞ்சாக இருந்தால் பொடிந்திருக்கும். புதுக் கூட்டுக்கு மாற்றினால் அதுவும் சேர்ந்தே சரியாகிவிடும். நாடா அறுந்திருந்தால் 3.81 மில்லிமீட்டர் ஸ்பிளைசிங் டேப் மட்டுமே, அதுவும் ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில். செல்லோடேப் போட்டால் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் அசிமுத். அன்றைக்குப் பதிந்த ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நேராக நிற்கும் ஹெட்டில் மேல்தாயி (கூர்மையான உயர்சுர ஒலி) பெருமளவு போய்விடும். ச, ஸ, த, ட எல்லாம் மழுங்கும். "சொல் பிடிபடவில்லை" என்பது பெரும்பாலும் இதுதான். ஹெட்டுக்குப் பக்கத்தில் பெயின்ட் வைத்து இறுக்கிய ஒரு சின்ன ஸ்குரு இருக்கும். காந்தம் ஏறாத ஸ்குரூடிரைவரால் கால் திருப்புக்கும் குறைவாக இங்கும் அங்கும் அசைத்து, ஒலி எங்கே அதிகம் கூர்மையாகிறதோ அங்கே விடுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும், ஒரு தடவை வைத்துவிட்டு அப்படியே ஓட்டிவிட முடியாது. இந்த வேலையை மென்பொருள் செய்யாது. நாடாவிலிருந்து எடுக்காமல் விட்ட மேல்தாயியை ஈக்வலைசரால் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

யுஎஸ்பி பிளேயரை ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் ஹெட்டைச் சரிசெய்ய வழி இல்லை, வேகம் ஆடும், உள்ளே ஒலியை எண்வடிவாக்குகிற சில்லும் மட்டம். டூ-இன்-ஒன்னும் வேண்டாம். லைன்-அவுட் உள்ள டெக் ஒன்றும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் வேண்டும். டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து வரும் ஆர்சிஏ வயரை இன்டர்ஃபேஸின் லைன்-இன்னில் செருகுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் ஒரே சேனல், அதுவும் உடைந்து வரும்.

சங்கக் கூட்டத்தில் பதிந்தது அநேகமாக மோனோ ரெக்கார்டராக இருக்கும். ஆனாலும் ஸ்டீரியோவாகவே எடுங்கள். மோனோ தடம் ஒரு பக்கத்தின் 1.5 மில்லிமீட்டரையும் நிரப்பும், ஸ்டீரியோ ஹெட் அதை 0.6, 0.6 என்று இரண்டாகப் படிக்கும். ஒரு விளிம்பு சிதைந்திருந்தால் மறு சேனல் நன்றாக இருக்கும், நல்லதை வைத்துக்கொள்ளலாம். கணினியில் இரண்டையும் கூட்டி மோனோ ஆக்குவதை அசிமுத் சரியானபின் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் மேல்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். டால்பி (இரைச்சல் குறைப்பு) பொத்தான் அணைந்தே இருக்கட்டும்.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும், திடீரென்று முழக்கம் எழுந்தால் இடம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.07 ஜிபி. 63-உம் சி-90 (90 நிமிடக் கேசட்) என்றே வைத்தாலும் 200 ஜிபிக்குள் அடங்கிவிடும். பதியும்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், டெக்கை யுபிஎஸ்ஸில் போடுங்கள். மின்சாரம் போய் நாடா ரோலரில் மாட்டிக்கொண்டால் சுருண்டுவிடும்.

பேசி முடித்து மௌனம் வந்தாலும் நிறுத்தாதீர்கள். மேலே பதிந்த கேசட்டுகளில் பத்து நிமிடம் காலியாகப் போனபிறகு, அழியாமல் தப்பிய பழைய கூட்டத்தின் வால் கேட்கும். இரண்டு பக்கமும் கடைசி வரை ஓடட்டும்.

---

கோத்தகிரி ரேடியோ ரிப்பேர்

மேலே சொன்னதில் ஒன்று மட்டும் ஒப்பவில்லை. கேட் மீட்டிங்கில் பதிந்த மோனோ நாடாவில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும், சர்வதேச ஒலிக்காப்பகச் சங்கத்தின் டிசி-04 வழிகாட்டியும் அதைத்தான் குறைந்தபட்சம் என்கிறது. பாதி இடம் மிச்சம். அந்தப் பணத்தில் இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கினால் உருப்படியான பிரயோஜனம்.

டெக் தேடும்போது: பழைய டெக்குகளில் முதலில் போவது பெல்ட், அடுத்தது பிஞ்ச் ரோலர். பெல்ட் உருகி கருந்தாராய் இருந்தால் கப்பியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தபிறகுதான் புதிதை மாட்ட வேண்டும், மிச்சம் இருந்தால் புது பெல்ட்டும் வழுக்கும். ரோலர் ரப்பர் பளபளவென்று கெட்டிப்பட்டிருந்தால் மாற்றுவதே நல்லது. ஹெட்டுக்கும் நாடாவை ஓட்டுகிற கேப்ஸ்டன் கம்பிக்கும் 99 சதவீத ஆல்கஹால், ரப்பருக்கு ஈரத்துணி. பழைய நாடா பூச்சு உதிர்க்கும், ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் பஞ்சுக் குச்சியில் பழுப்பு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

போகப் போகக் கீச்சாவதற்குக் காரணம் பேட்டரி. பதியும்போது பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். அதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் ஏறிக்கொண்டே போகும். டெக்கின் வேகத் திருகைத் தொடாதீர்கள். அப்படியே பதிந்துகொண்டு பிறகு கணினியில் சரிசெய்யுங்கள். ஆடாசிட்டியில் டைம் ட்ராக் என்று ஒன்று உண்டு, வேகத்தைக் கோடு இழுத்துப் படிப்படியாகக் குறைக்கலாம். வேகமும் சுருதியும் சேர்ந்து மாற வேண்டும். டெம்போவை மட்டும், பிட்ச்சை மட்டும் மாற்றுகிற கருவி தப்பான மருந்து.

எவ்வளவு குறைப்பது? மைக் செட் வைத்த கூட்டம் என்றால் மின்சார இரைச்சல் நாடாவிலேயே பதிந்திருக்கும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 100, 150, 300. அலைவரிசைப் படத்தில் 300-இல் இருக்க வேண்டியது 318-இல் தெரிந்தால் நாடா 6 சதவீதம் வேகம், அதாவது ஒரு அரைச்சுரம் மேலே. 50-ஐ நேராக அளந்தால் துல்லியம் கிடைக்காது, மேல் மடங்கில் அளந்து வகுங்கள். அந்த இரைச்சல் உங்கள் வயரிங்கில் வருவது இல்லையென்று உறுதிசெய்ய, டெக்கை இடைநிறுத்தத்தில் (பாஸ்) வைத்து ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள்.

இதை வேதவாக்காக எடுக்கவும் கூடாது. தென்மாநில மின்தொகுப்பு 2003 வரை 50-இல் நிலையாக நின்றதே இல்லை, மாலை நேரப் பளுவில் 48 பக்கம் இறங்கும். ஆகவே கணக்கு 3, 4 சதவீதம் தவறலாம். பேட்டரியில் பதிந்த ஊர்வலத்தில் இந்த இரைச்சலே இருக்காது. அங்கே அதே ஆள் அதே கேசட்டின் தொடக்கத்தில் பேசிய குரலை வைத்துக் காதால்தான் ஒப்பிட வேண்டும்.

---

மலைத்தப்பு, கூடலூர்

மென்பொருள் பற்றிக் கேட்டீர்கள். இரைச்சல் நீக்கியை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

கிளிக், சொடுக்கு நீக்கும் கருவிக்குத் தப்பு அடியும் நாடாக் கீறலும் ஒன்றுதான். சிறு குச்சி விழும் அந்த முதல் வெட்டை அது சீவிவிடும், மிஞ்சுவது தும் தும் என்ற ஓசை. கும்மியின் கைத்தட்டுக்கும் அதே கதி. குலவையை நீளமான விசில் என்று நினைத்து அமுக்குகிற நீக்கிகளும் உண்டு. தகரக் கூரை மேல் மழை விழுகிற பதிவில் ஹிஸ் நீக்கி போட்டால் மழையோடு சேர்த்து ச, ஸ ஓசைகளையும் அது விழுங்கும். பேச்சுப் பகுதிக்கு மட்டும், அதுவும் 6 டெசிபலுக்கு மேல் போகாமல், தனிப் பிரதியில் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடக் கூடாது.

சொல் எழுதுவதற்கு நல்ல வழி வேறு. ஹெட்ஃபோனில் 75 சதவீத வேகத்தில், ஒரு வரியை இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிட வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது தோட்டத்தில் வேலை பார்த்தவராக இருக்கட்டும். "அரைப்பேர்", "பிரட்டு" (காலை ஆள் கணக்கெடுப்பு), "கவ்வாத்து" (செடியை வெட்டிவிடுவது), "கொந்தரப்பு" (ஒப்பந்த வேலை) என்று வந்தால் வெளியூர்க்காரர் வேறு ஏதோ சொல்லாக எழுதிவிடுவார். அரைப்பேர் என்பது அரைநாள் கூலி போட்டது. அது தெரியாவிட்டால் பாட்டின் கோபமே விளங்காது. கேட்டபடி எழுதுங்கள், இலக்கணம் திருத்த வேண்டாம். தொழிலாளர் வரிசை வீட்டுக்கு "லயம்" என்று பாடியிருந்தால் லயம், "பாடி" என்று பாடியிருந்தால் பாடி. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களுக்காகத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கின. அவர்களோடு பாட்டும் வந்தது. இலங்கையில் கோ. நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடிய பாட்டுகள் அச்சிலும் வந்தவை. அந்த மாதிரி வரி உங்கள் கேசட்டில் கேட்டால் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் மலையகத் தொகுப்பைத் தேடிப் பாருங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். சங்கப் பாட்டில் புது மெட்டு அபூர்வம். கும்மி மெட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, இல்லாவிட்டால் அந்த வருஷத்து சினிமாப் பாட்டு. சந்தையில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே வர்ணமெட்டு என்று ஒரு வரி போடுவார்களே, அதே வழக்கம்தான். அமெரிக்காவில் ஐடபிள்யூடபிள்யூ தொழிற்சங்கம் 1909-லிருந்து வெளியிட்ட பாட்டுப் புத்தகத்திலும் மெட்டின் பெயர் மட்டும் இருக்கும், அந்தச் சங்கத்துப் பாடலாசிரியர் ஜோ ஹில் தேவாலயப் பாட்டு மெட்டுகளிலும் அன்றைய பிரபலப் பாட்டு மெட்டுகளிலும் எழுதினார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு என்றால் இரண்டாவது அடியிலேயே கூட்டம் சேர்ந்து பாடும். உங்கள் பதிவில் கூட்டம் எந்த அடியில் சேர்கிறது என்பதையும் நேரத்தோடு குறியுங்கள். அச்சுப் பிரதியில் அது கிடைக்காது.

தேதி விஷயம். கச்சிதக் கேசட்டை பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியதே 1963-இல். ஆக "1958" கேசட் ஒன்று ஸ்பூலிலிருந்து எடுத்த பிரதி, அல்லது அது பதிந்த ஆண்டாக இல்லாமல் பாட்டு பிறந்த ஆண்டு, அல்லது பேச்சில் நினைவுகூர்ந்த போராட்டத்தின் ஆண்டு. உங்கள் 5 ஸ்பூலில் அதே கூட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அதுதான் மூலம். மேலே பதிந்த கேசட் என்றால் அடியில் உள்ள சினிமாப் பாட்டு வெளியான ஆண்டுக்கு முன்னால் அந்தக் கேசட்டில் பதிந்திருக்க முடியாது, இது உறுதியான கணக்கு. வேறு நாடாவிலிருந்து எடுத்த பிரதி என்றால் மட்டும் கூட்டம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். பாட்டில் வரும் நாள்கூலித் தொகையை வைத்துத் தேதி போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது: கூலி ஒப்பந்தம் மாறிய பிறகும் பழைய தொகையோடே பாடுவார்கள், எதுகைக்கு அது பொருந்திவிட்டது என்பதற்காகவே. தொகை வந்தால் "இதற்கு முன் இல்லை" என்று மட்டும் சொல்லலாம்.

"இரங்கல்" கேசட்டை வேறு யாரும் கேட்கும் முன் நீங்கள் முழுக்கக் கேளுங்கள். ஒப்பாரியில் இறந்தவர் பெயர், எப்படி இறந்தார், யார் மேல் பழி என்று எல்லாம் வரும். வேலைநிறுத்தப் பாட்டுகளில் கருங்காலி என்று பெயர் சொல்லி ஏசியிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் அதே பாடியில் அடுத்த வீட்டில் இருக்கலாம்.

---

பந்தலூர் வாசிப்பகம்

நன்றி தோழர்களே. மூன்று துணைக்கேள்வி. (1) சினிமா மெட்டில் பாடியதை யூடியூபில் போட்டால் தடுப்பார்களா? (2) பதிவின் உரிமை யாருக்கு? சங்கக் கிளை இப்போது இயங்கவில்லை. (3) ஸ்பூல்களில் இரண்டு புளித்த காடி வாடை அடிக்கின்றன. "ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகும்" என்று ஒருவர் சொன்னார்.

---

நூலக உரிமை

முதல் இரண்டுக்கு மட்டும். வழக்கு வரும் அளவுக்குப் போனால் வழக்கறிஞரைப் பாருங்கள். இது அடிப்படை.

ஒரே பதிவில் பல உரிமை அடுக்கி இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைப் பதிய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவருக்கு. சங்கம் ஏற்பாடு செய்து பதிந்தால் சங்கம், தொண்டர் ஒருவர் தன் ரெக்கார்டரில் தானாகப் பதிந்தால் அவர். வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. உங்களுடையவை வெளியிடப்படாதவை, ஆகவே "பழசுதானே" என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டு எழுதியவர் தெரிந்தால் அவர் இறந்து 60 ஆண்டு வரை சொல்லுக்கு உரிமை உண்டு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. மேடைப் பேச்சுக்கு முதல் உரிமையாளர் பேசியவர், வேறொருவர் சார்பில் பேசியிருந்தால் அந்த வேறொருவர். மரபுக் கும்மியின் மெட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சினிமா மெட்டுக்கு இசை உரிமை தனியாக நிற்கிறது.

யூடியூபின் தானியங்கிச் சோதனை மெட்டையும் கண்டுபிடிக்கக்கூடும், பெண்கள் கைத்தட்டிப் பாடியதாக இருந்தாலும். அதைவிட அடிக்கடி மாட்டுவது வேறு: மேலே பதிந்த கேசட்டில் பாட்டு முடிந்ததும் அடியில் இருந்த அசல் சினிமாப் பாட்டு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தை வெளியீட்டுப் பிரதியில் வெட்டுங்கள், காப்புப் பிரதியில் விடுங்கள்.

பாதுகாப்புக்காகப் பிரதி எடுப்பதில் தயக்கம் வேண்டாம். வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே மின்வடிவமல்லாத பிரதி இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமிக்க பிரிவு 52(1)(n) அனுமதிக்கிறது. உங்கள் வாசிப்பகம் பொது நூலகம் என்ற கணக்கில் வருமா என்பதை முதலில் பாருங்கள். இணையத்தில் போடுவது அதில் அடங்காது.

கிளை கலைந்திருந்தால் தாய்ச் சங்கத்திடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: கேசட்டுகளின் எண்ணிக்கை, வாசிப்பகத்திடம் ஒப்படைத்தது, பிரதி எடுக்க இசைவு, படிப்போருக்குக் கேட்கக் கொடுக்க இசைவு, இணையத்தில் போட இசைவு. கடைசி மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும், ஒன்றுக்கு மறுத்தாலும் மற்றது நிற்கும். உயிரோடு இருக்கும் பாடகர்களிடம் ஒலியைப் போட்டுக் காட்டி இசைவு கேளுங்கள். கையெழுத்தைவிட, அவர்கள் சம்மதம் சொல்வதையே பதிந்துவைப்பது நல்லது. முடிந்தவரை இரண்டு தொகுப்பு வையுங்கள். ஒன்று திறந்தது. இன்னொன்றில் பெயர் சொல்லி ஏசியவை, ஒப்பாரிகள், இசைவு கிடைக்காதவை, வாசிப்பகத்தில் வந்து கேட்பதற்கு மட்டும்.

இரண்டாவது காப்பு இடத்துக்கு: நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் 1998-லிருந்து இந்தியத் தொழிலாளர் ஆவணக்காப்பகம் இயங்குகிறது. இசை நோக்கில் என்றால் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இனஇசையியல் காப்பகம், குருகிராமில். இரண்டுக்கும் பிரதியைக் கொடுங்கள், மூலக் கேசட்டைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

---

ஒலிநாடா, குன்னூர்

மூன்றாவதற்கு: சுடவே கூடாது. காடி வாடை என்றால் அசிடேட் நாடா. ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், சுற்றுக்குள் வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், கறுப்பாக இருந்தால் பாலியெஸ்டர். அசிடேட்டைச் சூடாக்கினால் சுருங்கி நொறுங்கும். சுடும் வைத்தியம் 1970, 80-களின் சில பாலியெஸ்டர் நாடாக்கள் பிசுபிசுத்து ஒட்டும்போது மட்டும், அதுவும் 50 டிகிரி பக்கம் மணிக்கணக்கில், வெப்பம் அசையாத கருவியில், தெரிந்தவர் கையால். வீட்டு ஓவன் 50-இல் நிற்காது. கேசட்டுகளுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

வாடை வரும் இரண்டையும் மற்றவற்றிலிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள். வெளிவரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் அசிடேட்டையும் கெடுக்கும். இறுக்கி மூடிய டப்பாவில் வைத்தால் ஆவி உள்ளேயே தங்கி வேகம் கூடும், ஆகவே அட்டைப் பெட்டி, குளிர்ந்த அறை. வரிசையில் அவற்றுக்கே முதலிடம், கேசட் காத்திருக்கும்.

அசிடேட் அறுந்தால் விளிம்பு நேராக முறியும், ஒட்டினால் ஒலி இழப்பு இல்லை. பாலியெஸ்டர் அறுவதற்கு முன் இழுபடும், இழுபட்டதை மீட்க முடியாது. அதனால் வேகமாகச் சுற்றும் பொத்தானை எதற்கும் தொடாதீர்கள். ஸ்பூல் மெஷின் கிடைத்தால் விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர், 19 சென்டிமீட்டர் என்று இரண்டு வேகமும், அரைத்தட ஹெட்டும் (நாடா அகலத்தில் பாதியை ஒரு தடமாகப் படிப்பது) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கால்தட ஹெட் மட்டும் உள்ள வீட்டு மெஷினில் அரைத்தட மோனோவை ஓட்டினால் ஒரு சேனலில் மறுபக்கப் பதிவு தலைகீழாகக் கேட்கும். அதைக் கேட்டு நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

48-ஆ 96-ஆ என்பதில் கோத்தகிரி அண்ணனோடு சண்டை இல்லை. கேசட்டுக்கு 48 வையுங்கள், ஸ்பூலுக்கு 96. கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். கேசட் எண், பக்கம், எத்தனையாவது ஓட்டம், இவ்வளவு போதும். பாட்டுப் பெயர், ஊர், மெட்டு எல்லாம் விரிதாளில். உறையின் பென்சில் எழுத்தையும் கேசட் கூட்டின் இரு பக்கத்தையும் கூட்டைத் திறப்பதற்கு முன் போட்டோ எடுத்து அதே எண்ணில் வையுங்கள். கூடு மாறினால் பழைய கூட்டை எறியாமல் லேபிளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.